மேதி இரவல் கொடுத்த சொல்

"நான் குடுத்தனுப்பினது ஒரே ஒரு சொல்லு. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு இருந்தது. இப்ப திரும்பி வந்திருக்கிறதைப் பாருங்க, சந்தைக்குப் போயிட்டு வந்த பை மாதிரி. இதை வச்சுக்கிட்டு என் பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

அந்தக் காலத்தில், விலங்கும் மரமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், ஒரு பெரிய ஏரிக்கரையில் நின்றுகொண்டு மேதி என்கிற எருமை இப்படித்தான் கத்தினாள். முந்தின நாளும் இதையேதான் கத்தினாள், ஒரு எழுத்து மாறாமல். யாராவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அவளும் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள்.

"ஏன் இப்படிக் கத்தறே? வெறுமையாவா குடுத்தோம்?" என்றது மாமரம்.

"வெறுமையா குடுத்திருந்தா நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

"கேட்டுக்குங்க," என்று கிளி மற்றவர்கள் பக்கம் திரும்பியது. "நிறைச்சுக் குடுத்தா திட்டறவளை இப்பத்தான் பாக்கறேன்."

சண்டை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இவர்களாக நிறுத்தப்போவதில்லை.

அந்தக் காலத்தில் சொல் என்பது வீட்டில் புழங்கும் பாத்திரம் மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் நாலு இருக்கும், மிஞ்சிப்போனால் ஆறு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருள் இருக்கும். தன்னிடம் இல்லாத சொல் தேவைப்பட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அது திரும்பி வரும்வரை கொடுத்தவர் வாயில் அந்தச் சொல் இருக்காது. அண்டாவை இரவல் கொடுத்துவிட்டு அன்றைக்கு அண்டா இல்லாமல் சமாளிக்கிறோமே, அது மாதிரி.

மேதியிடம் இருந்த நாலைந்து சொற்களில் நல்ல சொல் ஒன்று, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "மா." அவ்வளவுதான். ('மாமரம்' என்று நான் எழுதியதிலேயே அது இருக்கிறதே என்று கேட்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த வம்புக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.) அந்தச் சொல்லுக்குள் இருந்த பொருள், நான் இங்கே இருக்கிறேன் என்பது. வா என்றுகூட அதில் கிடையாது. சாப்பாடு ஆயிற்று, இருட்டப் போகிறது, எங்கே ஊர் சுற்றுகிறாய், எதுவும் கிடையாது. அம்மா இருக்கிற இடம் தெரிந்தால் வருகிற பிள்ளை வரும் என்பது மேதி பிறந்த வீட்டு வழக்கம். சாயங்காலம் கரையில் நின்று ஒரு தரம் "மா" என்பாள். கோரைக்குள் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் கன்று நேராக வந்து சேரும். மூன்று பெண் பிள்ளைகளை அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வளர்த்தாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கும் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு கை அரிசியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லம். இந்த விஷயத்தில் மேதியைவிடக் கண்டிப்பானவள் அந்தக் கரையில் கிடையாது. ஒரு தடவை அணில் அவளுடைய கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்து வெறுமையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அணில் பொந்து வாசலிலேயே போய் நின்றுகொண்டாள் மேதி. "தேச்சுத் தரச்சொல்லியா உங்கிட்ட குடுத்தேன்? ரெண்டு கல்லு உப்புக்கூடவா உங்க வீட்டுல இல்லை?" மூன்று நாள் அணில் வெளியே தலை காட்டவில்லை. அதற்கப்புறம் மேதியிடம் வாங்கின பொருளை வெறுமையாகத் திருப்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆக, இதில் மேதிக்கும் பங்கு உண்டு. அவளிடம் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.

நாலாவது பிரசவத்தில் ஒரு பையன் பிறந்தான். குட்டான் என்று பெயர். பிறந்து ஐந்தாம் நாள் மாமரம் ஆரம்பித்து வைத்தது.

"மேதியக்கா, இந்த வருஷம் எனக்குக் காய்ப்பு தாங்கலை. பழுத்து விழுந்து வீணாப் போகுது. இருக்குன்னு நாலு பேருக்குச் சொல்லலாம்னா எங்கிட்ட சொல்லே இல்லை. உன்னுதைக் குடேன். பையன் உன் பக்கத்துலயேதானே படுத்திருக்கான். இப்ப உனக்கு எதுக்கு அது? எட்டே நாள்ல தந்துடறேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அணில் பொந்தின் வாசலில் நின்று அத்தனை பேசத் தெரிந்தவளுக்கு, 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் வீட்டில் இல்லாமல் போயிற்று. கொடுத்தாள்.

எட்டு நாள் என்றது இரண்டு மாதம் ஆயிற்று. எல்லா எட்டு நாளும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கும்போது மாமரம் நெளிந்துகொண்டே சொன்னது. "சும்மா எப்படிக் குடுக்கறது, நீ வேற எதாவது சொல்லுவே. உள்ள ஒரு மாம்பழம் வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் மேதி கரையில் நின்று கூப்பிட்டாள். குட்டான் வந்தான். ஆனால் அவளிடம் வரவில்லை, மாமரத்தடிக்குப் போனான். அங்கே கொஞ்ச நேரம் எதையோ மென்றுவிட்டு அப்புறம்தான் இவள் ஞாபகம் வந்தது. சரி, பழம்தானே என்று மேதி விட்டுவிட்டாள். எல்லாத் தொல்லையும் பழம்தானே என்றுதான் உள்ளே நுழைகிறது.

மாமரம் சும்மா இருந்ததா? அந்தச் சொல் எவ்வளவு கைக்கு அடக்கம், எவ்வளவு சௌகரியம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தது. பல் முளைக்காதவரும் சொல்லலாம், பல் போனவரும் சொல்லலாம். உதட்டை மூடித் திறந்தால் போதும். அப்புறம் மேதி வீட்டு வாசலில் ஆள் ஓயவில்லை.

குதிரை வந்தது. கிழக்கே வெகு தூரம் போகப்போவதாகவும், அங்கே இருப்பவர்களுக்குத் தன் பெயர் வாயில் நுழையவில்லை என்றும் சொன்னது. வாங்கிப் போய், ஆறு மாதம் கழித்துத் தன்னையே அதற்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஒட்டகம் மேற்கே கொண்டுபோய்த் தண்ணீர் வைத்துத் திருப்பியது. மணல்காட்டிலிருந்து வருகிறவன் தன் தண்ணீரை எடுத்து உள்ளே வைத்திருக்கிறான், அவனிடம் போய் என்ன சொல்வது? கிளி வாங்கிப் போய் 'ஆனால்' என்பதை வைத்தது. யார் எதைச் சொன்னாலும் நடுவில் புகுந்து மறுக்கிற பிறவி, வேறு எதை வைக்கும்? பக்கத்துக் குளத்து ஆமை வாத்தியார் 'வேண்டாம்' என்பதை வைத்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த மனிதர், பாவம், அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பனைமரத்துப் பேய்கூட வந்தது.

"அக்கா, பயப்படாதீங்க."

"எனக்கென்ன பயம்? எட்டு நாள்ல வரணும்."

பேய் மட்டும்தான் சரியாக எட்டாம் நாள் வந்தது. அதற்கு வைப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் உள்ளே அதுவே உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். ஒவ்வொருத்தரும் தன்னுடையதை வைக்கும்போது, முன்னால் இருந்தவர் வைத்ததை எடுத்துவிட்டு வைத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. அடுத்தவர் ஆசையாக வைத்ததை வெளியே கொட்டினால் அது மரியாதையா? அதனால் அதன் மேலேயே வைத்தார்கள். அடியில் மேதி பிறந்த வீட்டுப் பொருள் நசுங்கிக் கிடந்தது.

கொக்கு திருப்பிக் கொடுத்த அன்றைக்குத்தான் மேதிக்கு முதல்முதலாகத் தலை சுற்றியது. கொக்கு ரொம்ப மரியாதைக்காரர். கடல் கடந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போய்வந்தவர். ஒற்றைக் காலில் நின்று தலை வணங்கி இரண்டு சிறகாலும் ஏந்திக் கொடுத்தார். மேதி வாங்கிப் பார்த்தாள்.

"என்ன வச்சிருக்கீங்க? ஒண்ணையும் காணோமே."

"இடைவெளி வைத்திருக்கிறேன்."

"எது?"

"ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடம். எங்கள் பக்கத்தில் அதற்கு மதிப்பு அதிகம்."

"அதாவது ஒண்ணும் வைக்கலை."

"வைத்திருக்கிறேன். தாங்கள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும்."

மேதி சற்று நேரம் பார்த்தாள். எல்லாப் பொருளுக்கும் நடுவே ஒவ்வொரு சாண் காலி இடம் போட்டு, சொல் முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. வெறுமையாகக் கொடுத்தார் என்று திட்டவும் முடியவில்லை, நிறைத்துக் கொடுத்தார் என்று வாங்கி வைக்கவும் முடியவில்லை. "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக வந்தவள் வெள்ளச்சி. பசு. மேதிக்கு ஓரகத்தி முறை. ஒரே கொம்புக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர். மூத்தவள் மேதி. இளையவளைத்தான் ஊர் கும்பிடுகிறது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை, வெள்ளிக்கிழமை ஆனால் சுற்றி வந்து தொட்டு ஒற்றிக்கொள்ளக் கூட்டம். பால் என்னவோ மேதியுடையதுதான் கெட்டி. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் வேணும்."

"உன்னைத்தான் ஊரே கும்பிடுதே. உனக்கு எதுக்கு என் சொல்லு?"

"கும்பிடறாங்கக்கா. என்னை என்னன்னு கூப்பிட்டுக் கும்பிடறதுன்னு தெரியாம கையைக் கூப்பிக்கிட்டு முழிக்கறாங்க. பாக்கப் பாவமா இருக்கு."

"அவங்களைப் பாத்தா பாவமா இருக்கு உனக்கு."

"ஒரு வெள்ளிக்கிழமைதானேக்கா."

ஆவணியில் வாங்கிப் போனவள் ஐப்பசியில் கொண்டுவந்தாள். மேதி உள்ளே பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் பூசிப் பூ வைத்து, 'தாய்' என்ற பொருள் இருந்தது.

"இதைத்தானே நான் அதுல வச்சிருந்தேன்?"

"இல்லைக்கா. நீங்க வச்சிருந்தது 'நான் இங்கே இருக்கேன்'. நான் வச்சது தாய். ரெண்டும் வேற வேற."

"எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் மேதி.

வெள்ளச்சி சிரித்தாள். பெரியவர்கள் எதையோ சொல்கிறார்கள் என்று சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அடுத்த நாள்தான் மேதி எல்லாரையும் கரைக்குக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தச் சண்டை. நான் சொல்ல ஆரம்பித்தது அதன் இரண்டாம் நாளை.

"ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன். அவங்கவங்க வச்சதை அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு என் பழைய சொல்லு போதும்."

"குடுத்ததை எப்படித் திரும்ப எடுக்கறது?" என்றது மாமரம். "நல்லாவா இருக்கும்?"

"ஆனால் அணிலை நீதானே திட்டினே?" என்றது கிளி. "பொந்து வாசல்ல நின்னு திட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது கிண்ணம். இது சொல்லு."

"ஆனால் பாத்திரம் மாதிரித்தான்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"அக்கா கோவத்துல பேசறாங்க," என்றாள் வெள்ளச்சி பொதுவாக எல்லாரிடமும். "மனசுல ஒண்ணும் கிடையாது."

"மனசு நிறைய இருக்கு. சொல்றதுக்குத்தான் இடம் இல்லாம பண்ணிட்டீங்க."

இந்த அழகில் பேச்சு போய்க்கொண்டிருந்தபோது வடகிழக்கில் வானம் கறுத்ததை யாரும் பார்க்கவில்லை. மலைப்பக்கம் காலையிலேயே கொட்டித் தீர்த்திருந்தது. அந்தத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கத் தொடங்கியபோதுதான் மழையும் இங்கே பிடித்தது. குட்டான் ஏரிக்கு நடுவில் இருந்த கோரை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தான்.

மேட்டுக்கும் கரைக்கும் நடுவே உளைச்சேறு. அதில் ஒரே ஒரு கெட்டியான தடம் உண்டு, தண்ணீருக்கு அடியில், ஒரு மாடு நடக்கிற அகலத்துக்கு. மேதி வழக்கமாக நிற்கிற இடத்துக்கு அது நேராக வந்து முடியும். அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தால் கால் தடத்திலேயே இருக்கும். இரண்டடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்தால் போச்சு. மழையில் கரை தெரியவில்லை. கரை எந்தப் பக்கம் என்றே குட்டானுக்குத் தெரியவில்லை. தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்திருந்தது.

மேதி தன் இடத்துக்கு ஓடிவந்து நின்று, "மா," என்று கூப்பிட்டாள்.

பருவம் தப்பியிருந்தும் மாமரம் பொலபொலவென்று பழத்தைக் கொட்டியது. சத்தம் கேட்ட இடது பக்கம் குட்டான் தலையைத் திருப்பினான். கரையில் நின்ற குதிரை தன்னை அறியாமல் பாய்ந்து வந்து சேற்றைக் கலக்கியது. ஏரியில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. மலையிலிருந்து வந்தது பாதி, கூப்பிட்டதற்கு வந்தது பாதி.

"மா," என்றாள் மறுபடியும்.

பனைமரத்திலிருந்து பேய் இறங்கி வந்து குட்டான் முன்னால் நின்று, "பயப்படாதே தம்பி," என்றது. அவன் பயந்து நாலடி பின்னால் போனான். தண்ணீர் இன்னொரு சாண் ஏறியது. இப்போது அவன் வயிற்றைத் தொட்டது.

"இன்னும் சத்தமா கூப்பிடுக்கா," என்று எல்லாரும் சொன்னார்கள். உதவி செய்கிறார்களாம்.

சத்தமாகக் கூப்பிட்டாள். குட்டான் காதில் 'வேண்டாம்' என்று விழுந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். 'ஆனால்' என்று விழுந்தது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா கூடாதா என்று யோசித்தான். மறுபடி கூப்பிட்டாள். அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கொக்கு வைத்த வெற்றிடத்தில் அந்தக் கூப்பாடு விழுந்து காணாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மட்டும் தவறாமல் ஏறியது.

"எடுத்துக்குங்க," என்றாள் மேதி கரையைப் பார்த்து. இந்த முறை கத்தவில்லை. "உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். இப்ப ஒரு நாழிகைக்கு மட்டும் எடுத்துக்குங்க. அவனை ஏத்தினதும் திரும்ப வச்சுடலாம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் எடுப்பது? முதலில் எடுக்கிறவர் அல்லவா கொடுத்ததைத் திரும்ப வாங்கினவர் என்று பெயர் எடுப்பார்?

"மாமரம்தானே முதல்ல வச்சது," என்றது குதிரை.

"என்னுது அடியில இருக்கு. மேல இருக்கிறவங்க எடுத்தாத்தானே நான் எடுக்க முடியும்," என்றது மாமரம்.

எல்லாரும் வெள்ளச்சியைப் பார்த்தார்கள். அவளுடையதுதான் மேலே இருந்தது.

"எனக்கென்ன, எடுத்துடுவேன்," என்றாள் வெள்ளச்சி. "தாய்ங்கறதைப் போய் எடுக்கறது அபசகுனம் ஆச்சேன்னு பாக்கறேன். அதுவும் இந்த நேரத்துல. வேற ஏதாவது எடுத்துப் பாருங்களேன்."

மேதி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை மேலே இருந்தது அப்படியே போய்ச் சேர்ந்தது. குட்டான் காதில் 'தாய்' என்று விழுந்தது. மழைத் திரைக்குள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே உருவம் கரையில் வலது பக்கமாக வெள்ளை வெளேரென்று நின்ற வெள்ளச்சிதான். கறுப்பு எருமை மழையில் எங்கே தெரியப்போகிறது? அவன் வெள்ளச்சியைப் பார்த்து முதல் அடியை வைத்தான். முன்னங்கால் இரண்டும் தொடைவரை சேற்றுக்குள் போயின.

மேதி வாயை மூடினாள்.

அதற்கு மேல் அந்தச் சொல்லை வெளியே விட அவளுக்குத் துணிச்சல் இல்லை. விட்டால் தண்ணீர் ஏறும், விட்டால் பேய் வரும், விட்டால் பிள்ளை வெள்ளச்சியிடம் நடப்பான். பல்லை இறுக்கி உதட்டை ஒட்டி, அந்தச் சொல்லை நாக்குக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் நெஞ்சில் இருந்ததை என்ன செய்வது? அது மூக்கு வழியாக வந்தது. ம்ங்ங், என்று. தாழ்வாக, கரகரவென்று, கேட்கச் சகிக்காத ஒரு சத்தம். அதைச் சொல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை, எதையும் வைக்கவும் முடியாது. வாங்கிப் போகலாம் என்று எந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தோன்றாது.

குட்டான் பிறந்த அன்று, ஈரமாகக் கிடந்தவனை நக்கிக் கொடுக்கும்போது அவளை அறியாமல் இந்தச் சத்தம் வந்திருந்தது. அவள் மறந்துவிட்டாள். அவன் காது மறக்கவில்லை.

அவன் தலையைத் திருப்பினான். இடது பக்கமும் இல்லாமல் வலது பக்கமும் இல்லாமல், நடுவில். ம்ங்ங், என்றாள் மறுபடியும். முன்னங்காலைச் சேற்றிலிருந்து உருவினான். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை ஒரு கால் வந்தது. தடத்தின் மேல் அதை வைத்து, மற்றதையும் இழுத்துக்கொண்டான். அப்புறம் அவள் மூச்சு விட்டபோதெல்லாம் ஒரு அடி வைத்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நடந்தான்.

கரையேறி அவள் மடிக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றான். மேதி அவனை நக்கி முடிக்கும்வரை யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு பாறைமேல் போய் வாயைத் திறந்து, நாக்குக்கு அடியில் இருந்த அந்தச் சொல்லைத் துப்பினாள்.

"எடுத்துக்குங்க," என்றாள். "தேய்க்க வேண்டாம். திருப்பித் தர வேண்டாம். உள்ளே எதுவும் வைக்க வேண்டாம்."

"கோவப்படாதீங்கக்கா," என்றார்கள். "பெரியவங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படி," என்றார்கள். சொல்லிக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். பாறையில் விழுந்ததில் அது துண்டு துண்டாகத் தெறித்திருந்தது. ஒவ்வொரு துண்டும் முழுச்சொல்லாகவே இருந்தது. ஆளுக்கொன்றை, அவரவர் வைத்த பொருளோடு பொறுக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். குதிரை சீனத்துக்கு. ஒட்டகம் அரபு நாட்டுக்கு. கொக்கு ஜப்பானுக்கு. பேய் வியட்நாமுக்குப் போய்விட்டது, இங்கே பனைமரம் காலி. கிளி ஒரு வணிகக் கப்பலில் ஏறி இத்தாலிக்குப் போனது, வழியெல்லாம் மாலுமிகளோடு மறுத்துப் பேசிக்கொண்டே. ஆமை வாத்தியாருடைய துண்டை வடமொழிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மாமரம் எங்கேயும் போக முடியாது, அதனால் தன்னுடையதை இங்கேயே வைத்துக்கொண்டது. வெள்ளச்சி தன் துண்டை நன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டாள். அது வடக்கே இந்தி பேசுகிற வீடுகள் வரைக்கும் போயிற்று.

அன்று முதல்தான், அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரில் குதிரையைச் சொல்கிறார்கள், ஒரு ஊரில் தண்ணீர் கேட்கிறார்கள், ஒரு ஊரில் பேய் என்று பயப்படுகிறார்கள், ஒரு ஊரில் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள், நாம் மரத்தைச் சொல்கிறோம். அன்று முதல்தான் எருமை வாயை மூடிக்கொண்டு மூக்கால் கூப்பிடுகிறது. யார் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தண்ணீரைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உறைக்காது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. மேதி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள், குட்டான் பக்கத்தில். கரையோடு வெள்ளச்சி போய்க்கொண்டிருந்தாள். போகிற போக்கில், "மா," என்று நீட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குட்டான் காதைத் தூக்கினான்.

"வெள்ளச்சி," என்றாள் மேதி. "நில்லு. உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் பிறந்த அஞ்சாம் நாளே அந்தச் சொல்லு வீட்டைவிட்டுப் போயிடுச்சு. அது எப்படி இருந்ததுன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு தரம், உள்ள எதையும் வைக்காம, அவன் காதுல விழற மாதிரி சொல்லிட்டுப் போ."

வெள்ளச்சி நின்றாள். வாயில் அசை இருந்தது. கேட்டதைச் சொல்லாமல், மென்றுகொண்டே கரையோடு நடந்தாள்.